பழைய பிளாஸ்மாப் பெட்டியை வாங்கலாமா? வடிகட்டிச் சவ்வின் மேற்பரப்பை மாற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சில்லுகளை உறையிட்டு முடிக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த எவருக்கும் பிளாஸ்மாத் துப்புரவுப் பெட்டி புதிதன்று. பொன் அல்லது செம்புக் கம்பியைச் சில்லின் முனையில் பற்றவைக்கும் முன், அம்முனையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் கரிமப் படலத்தைப் போக்க வேண்டும். தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ளி, காற்றை உறிஞ்சி எடுத்து, சிறிதளவு ஆர்கானை விட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் பார்வைக் கண்ணாடியில் இளம் ஊதா ஒளி தெரியும்; மின்சாரத்தால் அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்து ஒளிரும் அந்த வாயுவே பிளாஸ்மா. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். உற்பத்தி வரிசைகள் மாறும்போது இத்தகைய பெட்டிகள் பழைய சாமானாக விலைக்கு வருவதுண்டு. அப்படி ஒன்று கைக்கெட்டும் விலைக்கு வந்தபோது, செபராங் பிறையில் உணவுப் பொருள் ஆலைகளுக்குக் கழிவுநீர் வடிகட்டி அமைத்துத் தரும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, நம்ம மெம்பிரேனை இதுக்குள்ள வெச்சு எடுத்தா எண்ணெய் ஒட்டாதுல்ல?”

ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அவர் பட்டறையில் இரண்டு வகைச் சவ்வுகள் புழங்குகின்றன. ஒன்று, 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள பாலிபுரோப்பிலீன் தாள். சுருளாக வரவழைத்து, வெட்டி, சட்டத்தில் ஒட்டி, தட்டு வடிகட்டியாக்குகிறார். மற்றொன்று, உறைக்குள் முன்கூட்டியே பொருத்தப்பட்டு வரும் பி.வி.டி.எஃப். என்ற, ஃபுளோரின் சேர்ந்த நெகிழியாலான உள்ளீடற்ற இழைகள், அவற்றைக் குழாயில் இணைப்பது மட்டுமே அவர் வேலை. தேங்காய்ப்பால் ஆலையிலும் மீன் உருண்டை ஆலையிலும் இரண்டுமே வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்கின்றன என்பதே அவருடைய குறை. பெட்டியை வாங்கி ஆக்சிஜன் அல்லது ஆர்கான் பிளாஸ்மாவில் தாள்களைக் காட்டி எடுப்பது ஒரு வழி. காற்றழுத்தத்திலேயே இயங்கும் மின்னிறக்க வரிசையில் சுருளை ஓட்டுவது இன்னொன்று. பிளாஸ்மாவில் தூண்டிவிட்டு அதன்மேல் வேறொரு பாலிமரை ஒட்டுக்கட்டலாம். பிளாஸ்மாவே இல்லாமல் பூச்சுப் பூசலாம். நீர்நாட்டம் (நீரை ஏற்கும் தன்மை) ஏற்றப்பட்ட சவ்வையே விலைக்கு வாங்கலாம். எதையும் மாற்றாமல் கழுவும் முறையை மட்டும் திருத்தலாம்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை

மேற்பரப்பை மாற்றப் பணம் செலவழிக்கும் முன், அடைப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். சிலிக்கான் தகடுகளை அரைத்து அறுக்கும் இடங்களிலிருந்து வரும் நீரையும் சவ்வில் வடிப்பதுண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் தூள். அது சவ்வின்மேல் மாவு படிவதுபோல் படியும், நீரைப் பின்னோட்டமாகத் தள்ளினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அங்கே சவ்வு நீரை ஏற்கிறதா வெறுக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். குறுக்கே ஓடும் நீரின் வேகமும் பின்கழுவலின் இடைவெளியுமே விளைவைத் தீர்மானிக்கும். அந்த வேலைக்காக ஒருவர் பிளாஸ்மாவைப் பற்றிக் கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லி அத்துடன் நிறுத்தியிருப்பேன்.

தேங்காய்ப்பாலும் மீன் புரதமும் வேறு சாதி. நீரின் மேற்பரப்பு இழுவிசை 20 பாகை செல்சியஸில் மீட்டருக்கு சுமார் 72.8 மில்லிநியூட்டன்; பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் அதே அளவையில் ஏறத்தாழ 30 மட்டுமே. இவ்வளவு இடைவெளி இருப்பதால் அந்தத் தாளின்மேல் விழும் நீர்த்துளி சேம்பிலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும்; துளியின் விளிம்பு தாளோடு சேரும் இடத்தில் அமையும் தொடுகோணம் 100 பாகையைத் தாண்டும். நீர் விரும்பி உட்காராத இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்வது கொழுப்புத் துளிக்கும் புரத மூலக்கூற்றுக்கும் எளிது. ஒருமுறை ஒட்டிய புரதம் தன் மடிப்பைக் குலைத்துக்கொண்டு பரந்து படுத்துவிடும். பிறகு பின்கழுவல் அதை அசைக்காது. இதற்கு மாறாக, நீர்நாட்டமுள்ள மேற்பரப்பு தன்மேல் ஒரு நீர்ப்படலத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்ட வரும் பொருள் முதலில் அந்தப் படலத்தை விலக்கியாக வேண்டும். ஆகவே நண்பரின் ஆலைகளுக்கு மேற்பரப்பு மாற்றம் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எந்த வழியில் செய்வது, எவ்வளவு நாள் நிற்கும் என்பதில்தான் கேள்வி.

பெட்டிக்குள் நடப்பது

குறைந்த அழுத்தப் பெட்டியில் வாயு கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். ஆனால் அதில் திரியும் எலக்ட்ரான்கள் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் இருக்கும். கரி–கரிப் பிணைப்பை உடைக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான்வோல்ட்டும், கரி–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 4.3-ம், கரி–ஃபுளோரின் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 5-ம் வேண்டும் என்பதை நினைத்தால், 160 பாகைக்கருகில் உருகும் பாலிபுரோப்பிலீன் தாள் உருகாமலேயே அதன் தோல் மட்டும் எப்படி மாறுகிறது என்பது விளங்கும். உடைந்த இடங்களில் ஆக்சிஜன் வந்து அமர்ந்து ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகளாகும். ஆர்கானை மட்டும் பயன்படுத்தினாலும் தாள் வெளியே வந்து காற்றைத் தொட்டவுடன் இதே ஆக்சிஜனேற்றம் நடக்கும். அம்மோனியா வாயுவைக் கொடுத்தால் அமீன் தொகுதிகள் கிடைக்கும். இவை அனைத்தும் மேலிருக்கும் சில நானோமீட்டர் ஆழத்தில் நடப்பவை; அதற்குக் கீழே பாலிபுரோப்பிலீன் பாலிபுரோப்பிலீனாகவே இருக்கும். டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. மட்டும் முரண்டு பிடிக்கும்: ஆக்சிஜன் பிளாஸ்மா அதை அரித்துச் சொரசொரப்பாக்குமே ஒழிய எளிதில் நீர்நாட்டத்தைத் தராது, சில வேளைகளில் நீர்வெறுப்பு கூடியும் போகும். அதற்கு ஹைட்ரஜனோ அம்மோனியாவோ பொருத்தம்.

துளைக்குள் என்ன ஆகிறது என்பதை விற்பனையாளர்கள் பேசுவது அரிது. 1 மில்லிபார் அழுத்தத்தில் ஒரு வாயு மூலக்கூறு மற்றொன்றில் மோதாமல் செல்லும் தொலைவு சுமார் 70 மைக்ரோமீட்டர். நம் தாளின் துளையோ 0.2 மைக்ரோமீட்டர். அவ்வளவு குறுகிய இடத்தில் பிளாஸ்மா மூளாது. அயனிகள் வாசலிலேயே நின்றுவிடும், மின்சுமையற்ற அணுக்கள் மட்டும் சுவரில் மோதி மோதி உள்ளே கொஞ்ச தூரம் போகும். அதனால் தாளின் மேல்முகம் நீர்நாட்டம் பெற்றும், நடுப்பகுதி பழையபடியும் இருப்பது இயல்பு. புரதம் ஒட்டுவது பெரும்பாலும் மேல்முகத்தில் என்பதால் இது பாதி வெற்றிதான் என்றாலும், நீர் தாளைக் கடந்து செல்ல உள்சுவரும் நனைந்தாக வேண்டும். நடுப்பகுதி நனையாத தாளை எத்தனால் ஊட்டித்தான் ஓடவிட வேண்டியிருக்கும், இடையில் காய்ந்தால் மறுபடியும் எத்தனால். நீராவிப் பிளாஸ்மாவைக் கொண்டு பாலிசல்ஃபோன் சவ்வின் முழுத் தடிமனையும் மாற்றி, அம்மாற்றம் நெடுநாள் நிலைத்ததாக 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு உண்டு. அது மதிக்கத்தக்க விதிவிலக்கு. ஆயினும் தட்டுக்கிடையே ஆர்கானை ஒளிரவிட்டுப் பழகிய நம் பழைய பெட்டியில் அதை அப்படியே எதிர்பார்ப்பது தவறு.

அடுத்தது, நேரம். முன்பு நான் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரு நிமிடம் என்று வைக்க வேண்டிய ஆக்சிஜன் ஓட்டத்தின் நேரக் கருவியை யாரோ பத்து நிமிடத்தில் விட்டுவிட்டோம். வெளியே வந்த தாள் பார்வைக்கு மாற்றமில்லை. துளி வைத்தவுடன் மறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சட்டத்தில் மாட்டும்போது ஓரத்தைப் பிடித்து இழுத்தவர் கையில் அது காய்ந்த வாழைச்சருகுபோல் கிழிந்து வந்தது. கிழியாத துண்டைப் பொருத்தி ஓட்டிப் பார்த்ததில் வடிநீர் கலங்கலாக வந்தது. ஆக்சிஜன் பிளாஸ்மா தொகுதிகளைச் சேர்க்கும் அதே நேரத்தில் பாலிமரை அரித்துக்கொண்டும் இருக்கிறது; துளை அகலமானால் நீர் கூடுதலாகப் பாயும், அதைப் பார்த்து வெற்றி என்று எண்ணிவிடுவோம். பாய்வு கூடியது என்று ஒருவர் எண் காட்டினால், தடுத்துநிறுத்தும் அளவு குறையவில்லையா என்று உடனே கேட்க வேண்டும். எதிர்ச்சவ்வூடு பரவலுக்கான (ஆர்.ஓ.) பாலிஅமைடு சவ்வை இத்தகைய ஆக்சிஜன் பிளாஸ்மாவின் பக்கம் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உயிர் இருப்பது 100 முதல் 200 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரே படலத்தில்.

மூன்றாவது, ஈரம். பாலிபுரோப்பிலீன் தாள் உலர்ந்தே வரும் என்பதால் நண்பருக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் பாலிஎத்தர்சல்ஃபோனில் செய்த மீநுண் வடிகட்டிச் சவ்வுகள் ஈரமாகவோ கிளிசரின் ஊட்டியோ வரும். ஈரத்தோடு வெற்றிடத்தில் வைத்தால் பம்பு மணிக்கணக்கில் ஓடியும் அழுத்தம் இறங்காது. கிளிசரினோ துளையை நிரப்பிக்கொண்டு மேற்பரப்பையும் மறைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கழுவி உலர்த்தலாம் என்றால், நுண்துளைகள் நீர் ஆவியாகும்போது சுருங்கி மூடிக்கொள்ளும். எத்தனாலில் தொடங்கிப் படிப்படியாகக் கரைப்பான் மாற்றித்தான் காயவைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன என்று கணக்குப் பார்த்தால், அவ்வகைச் சவ்வுக்கு வேறு வழி எளிது என்பது தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நான்காவது. தைப்பூச விடுமுறைக்கு முந்திய நாள், நண்பரின் பட்டறையிலிருந்து எடுத்துவந்த தாளைத் தபால்தலையளவு துண்டுகளாக வெட்டி, தெரிந்த ஒருவரின் பெட்டியில் ஆர்கானும் சிறிது ஆக்சிஜனும் கலந்து ஒரு நிமிடம் காட்டி எடுத்தோம். மைநிரப்பியால் ஒரு சொட்டு நீர் வைத்தேன். ஒரு கணம் தயங்கிய சொட்டு பரந்து, தாளுக்குள் போய், வெள்ளைத் தாள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி ஆயிற்று; துளைகளில் நீர் நிறைந்துவிட்டதன் அடையாளம் அது. மீதித் துண்டுகளைச் சுத்தமான கண்ணாடித் தட்டில் மூடி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத் தண்ணீர்மலைக்குப் போய்வந்தோம். அடுத்த வாரம் எடுத்து அதே மைநிரப்பியால் அதே போலச் சொட்டு வைத்தபோது, அது பரவாமல் குமிழாக நின்றது. பழைய அளவுக்கு உருண்டு திரளவில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. தாளைச் சாய்த்தேன், சொட்டு மெதுவாக நகர்ந்தது.

நாள்பட நாள்பட நீர்நாட்டம் மங்கும் இந்த முதுமைக் குறையில் மாயம் எதுவும் இல்லை. பாலிமர்ச் சங்கிலிகள் அசையக்கூடியவை. காற்றைப் பார்த்திருக்கும் மேற்பரப்பு தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ள, புதிதாக வந்த ஆக்சிஜன் தொகுதிகளை உள்பக்கம் திருப்பி மறைத்துக்கொள்கிறது. பிளாஸ்மாவில் அறுபட்ட சிறு துண்டுகள் மேலே தளர்வாகக் கிடந்து, நீரில் கழுவியதும் தாங்கள் தந்த நீர்நாட்டத்தையும் உடன் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. தாளை நீரிலேயே வைத்திருந்தால் சங்கிலிகள் திரும்புவது குறையும், கழுவுண்டு போவது குறையாது. இங்கேதான் பாயான் லெப்பாஸ் அனுபவம் நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். சில்லு வரிசையில் பெட்டியிலிருந்து வந்த தட்டு சில மணி நேரத்துக்குள் கம்பி பற்றவைக்கும் பொறிக்குப் போய்விடும். அதற்குமேல் அந்த மேற்பரப்பு நிற்க வேண்டிய தேவை கிடையாது. நேரம் கடந்துவிட்டால் மறுபடியும் பெட்டியில் வைப்பார்கள். சவ்வோ மாதக்கணக்கில் தன்னந்தனியாகக் கொழுப்போடும் காரத்தோடும் நிற்க வேண்டும். அடுத்த வேலை உடனே வரும் இடத்தில் பிளாஸ்மா அருமையான முன்வேலை. தானே முடிவாக நிற்க வேண்டிய இடத்தில் அதை நம்பி நான் பணம் போட மாட்டேன்.

காற்றழுத்த வரிசையைப் பற்றி நெடுக எழுதத் தேவையில்லை. நெகிழிப் பை அச்சிடும் ஆலைகளில் மை ஒட்டுவதற்காகப் படலத்தை மின்னிறக்க உருளையில் ஓட்டுகிறார்களே, அதன் தம்பிதான் இது. வெற்றிடம் வேண்டாம், சுருளை நிறுத்தாமல் ஓட்டலாம், செலவு குறைவு. ஆனால் அந்த மின்னிறக்கம் சீரான ஒளிப்படலமாக அமைவது அரிது. மெல்லிய மின்னிழைகளாகப் பாயும். கெட்டியான படலம் அதைத் தாங்கும். துளைமயமான மெல்லிய சவ்வில் ஓர் இழை ஒரே இடத்தில் குத்தினால் ஊசித்துளை விழும், வடிகட்டியில் ஓர் ஊசித்துளை இருந்தாலே போதும், மற்றதெல்லாம் வீண். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் காலைக்கும் மாலைக்கும் மாறுவதால் மின்னிறக்கத்தின் குணமும் மாறும். மூடிய அறையில் உலர்ந்த வாயுவைக் கொடுத்தால்தான் இன்று செய்ததை நாளையும் செய்ய முடியும். ஓசோன் வேறு உண்டாகும். எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 0.1 பங்கு என்று அமெரிக்க வேலைத்தலப் பாதுகாப்பு விதி வரம்பு வைத்திருக்கும் வாயு அது. உறிஞ்சு குழாய் இல்லாமல் அந்த உருளையை இயக்கக் கூடாது. முதுமைக் குறையிலும் இதற்கு விலக்கு இல்லை.

உறைக்குள் பொருத்தி வரும் பி.வி.டி.எஃப். இழைகளின் கதை இன்னும் சுருக்கம். கட்டுக்கட்டாக நெருங்கிக் கிடக்கும் இழைகளில் வெளிவரிசை உள்வரிசையை மறைக்கும். பிசினில் புதைத்து முடித்த உறையை வெற்றிடப் பெட்டியில் வைப்பது பேச்சுக்கும் உதவாது. இழை தயாரிப்பவர் தம் வரிசையிலேயே செய்தால் உண்டு. வாங்கி மாட்டுபவர் கையில் இல்லை. அந்த இழைகளுக்கு நண்பர் செய்யக்கூடியது கழுவும் முறையைத் திருத்துவதும், கொழுப்பை முன்னாலேயே மிதக்கவைத்து எடுப்பதும்தான்.

ஒட்டுக்கட்டுதல்

மாங்கன்றில் ஒட்டுக்கட்டுவதைப் போலவே, ஒரு பாலிமரின் உடம்பில் வேறொரு பாலிமரை வளரவிடும் முறையே இது. ஆர்கான் பிளாஸ்மாவில் தாளைச் சிறிது நேரம் காட்டி, காற்றைத் தொடவிட்டால் மேற்பரப்பில் பெராக்சைடுகள் உண்டாகும். அதை உடனே, ஆக்சிஜன் நீக்கிய மோனோமர் (பாலிமர்ச் சங்கிலியின் தனி அலகு) கரைசலில் இட்டுச் சூடாக்கினால் பெராக்சைடு உடைந்து, அந்த இடத்திலிருந்து சங்கிலி வளரத் தொடங்கும். இப்படி வளர்ந்த சங்கிலி வேர் பிடித்தது. கழுவினால் போகாது, உள்பக்கம் திரும்பி ஒளிந்துகொள்ளவும் அதற்கு எளிதில் முடியாது. பிளாஸ்மாவுக்குப் பிறகு உடனே அடுத்த வேலை வருவதால் முதுமைக் குறை இங்கே தலைகாட்டுவதில்லை. பிளாஸ்மாவைச் சேர்ந்த வழிகளில் சவ்வின் முகத்துக்காக நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

ஆனால் எளிதன்று. மோனோமர் தாளில் மட்டும் வளராமல் கரைசலிலும் தானாக வளர்ந்து கூழாகி, தாளின்மேல் கஞ்சிபோல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவி எடுக்க ஒரு நாள் ஆகும். அதிகமாக வளர்ந்தால் துளையே மூடிவிடும். எந்த மோனோமரைத் தேர்வது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். அக்ரிலிக் அமிலம் மலிவு, எளிதில் வளரும். ஆனால் அதன் கார்பாக்சில் தொகுதிகள் காரநீரில் மின்சுமை ஏறி ஒன்றையொன்று விலக்கி வீங்குவதால் துளை குறுகிப் பாய்வு குறையும். நீரில் கால்சியம் இருந்தால் அது நடுவில் பாலம்போல் நின்று, சவ்வையும் அழுக்கையும் சேர்த்துக் கட்டிவிடும். மீன் ஆலை நீரில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. நேர்மின், எதிர்மின் இரண்டையும் ஒரே தொகுதியில் தாங்கிய இருமுனைய மோனோமர்கள் புரதத்தை விலக்குவதில் மேலானவை. அவற்றிலும் பரவலாகக் கிடைப்பவை எஸ்டர் இணைப்புள்ளவை. சூடான காரத்தில் எஸ்டர் மெல்ல மெல்ல அறுபடும். அமைடு இணைப்புள்ள வகை அதைவிடத் தாங்கும், விலையும் அதற்கேற்பக் கூடும்.

காரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. தேங்காய்க் கொழுப்பை அகற்றச் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாமல் முடியாது. பாலிபுரோப்பிலீன் காரத்தைச் சிரமமின்றித் தாங்கும், ஆனால் ஹைப்போகுளோரைட் அதை நாளடைவில் நொறுங்கவைக்கும். பி.வி.டி.எஃப். நேர்மாறு: ஹைப்போகுளோரைட்டைத் தாங்கும், கடுங்காரத்தில் ஃபுளோரினை இழந்து பழுப்பேறித் தளரும். மேற்பரப்புக்கு எதைச் செய்தாலும், அடியிலிருக்கும் பாலிமர் எந்தக் கழுவலைத் தாங்குகிறதோ அதே கழுவலை மேலே போட்டதும் தாங்க வேண்டும். கொழுப்பு மிகுந்த நீருக்கு, நீர்வெறுப்பு ஒன்றைத் தவிர, பாலிபுரோப்பிலீன் தவறான தேர்வு அன்று.

பிளாஸ்மா இல்லாமல்

பூச்சுகளில் பலரும் பேசுவது பாலிடோபமின். சிப்பி பாறையைப் பற்றும் பசையிலிருந்து எடுத்த யோசனையாக 2007-இல் வெளிவந்தது. பி.எச். 8.5 அளவிலான கரைசலில் தாளை முக்கிவைத்தால் போதும்; பழுப்பு நிறப் படலம் தானே படியும், பி.டி.எஃப்.இ.-யின் மேலும் ஒட்டும். வெற்றிடமோ மின்சாரமோ தேவையில்லை, குழாய் வழியே கரைசலை ஓட்டினால் உறைக்குள் இருக்கும் இழைகளையும் பூசலாம் என்பது இதன் பெரிய வசதி. குறையும் பெரியது: கடுங்காரத்திலும் ஹைப்போகுளோரைட்டிலும் படலம் உரிந்துவிடும். நண்பரின் இரண்டு கழுவல்களுமே அவைதாம். மென்மையாகக் கழுவும் வேறு இடங்களுக்கு இதை நான் மறுக்க மாட்டேன்.

பாலிஎத்தர்சல்ஃபோனாக இருந்தால் கதை மாறும். அது புறஊதாக் கதிரைத் தானே உறிஞ்சித் தானே பிணைப்பு உடைவதால், தூண்டுபொருள் இல்லாமல் ஒரு புறஊதா விளக்கின் கீழ், ஈரமான நிலையிலேயே ஒட்டுக்கட்டலாம். உலர்த்தும் தொல்லை இல்லை. பாலிபுரோப்பிலீனுக்கோ பென்சோஃபினோன் போன்ற தூண்டுபொருள் வேண்டும். சவ்வை வார்க்கும்போதே பாலிவினைல்பைரோலிடோன் போன்ற நீர்நாட்டப் பொருளைக் கலப்பது எல்லாவற்றிலும் மலிவு. துளையின் உள்சுவரும் சேர்ந்தே மாறிவிடும். சந்தையில் நீர்நாட்டமுள்ளவை என்று வரும் பாலிஎத்தர்சல்ஃபோன் சவ்வுகளில் இவ்வழியில் செய்யப்பட்டவை ஏராளம். ஹைப்போகுளோரைட் அந்தச் சேர்க்கையைச் சிறிது சிறிதாகச் சிதைத்து வெளியேற்றும் என்பதை மட்டும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும். வார்க்காமல் வாங்குகிறவருக்கு இது “வாங்கலாமா” என்ற கேள்வியாக மட்டுமே வரும்.

பி.வி.டி.எஃப். தாளுக்கு மாறுவதைப் பற்றியும் நண்பர் யோசித்தார். 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், ஃபுளோரின் ஏற்றிய கரிமப் பொருள்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பிய இரசாயன முகமையிடம் வைத்தன, பி.வி.டி.எஃப்.-உம் அந்த வட்டத்துக்குள் வருகிறது. நம் நாட்டு விதி அன்று அது. என்றாலும் ஏற்றுமதி செய்யும் உணவு ஆலைகள் இதைக் கேட்கத் தொடங்கினால், பாலிபுரோப்பிலீனை நீர்நாட்டமாக்கத் தெரிந்திருப்பது கைகொடுக்கும். இன்றைய முடிவுக்கு இதை ஒரு காரணமாக்க நான் விரும்பவில்லை.

இத்தனையையும் பேசி முடித்தபோது நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: தாளைப் பிளாஸ்மாவில் காட்டி, அப்படியே சட்டத்தில் மாட்டி விற்பதற்காகப் பெட்டியை வாங்க வேண்டாம், ஆலைக்காரர் முதல் வாரம் பாராட்டுவார், மாதம் ஒன்றானால் தொலைபேசியில் கூப்பிடுவார். ஒட்டுக்கட்டுவதற்கு நைட்ரஜன் உருளை, சூடாக்கும் தொட்டி, கழுவும் தொட்டி, அன்றாடம் கவனிக்க வேதியியல் தெரிந்த ஓர் ஆள் ஆகிய நான்கும் வேண்டும். அவரிடம் இருப்பது தொட்டி மட்டுமே. பக்கத்தில், நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூ.எஸ்.எம்.) பொறியியல் வளாகம் இருக்கிறது. அத்தகைய ஓரிடத்தோடு சேர்ந்து இரண்டு சட்டங்களுக்கு மட்டும் ஒட்டுக்கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பெரிதாக யோசிக்கலாம். அதுவரை, கார எதிர்ப்புள்ள, நீர்நாட்டம் ஏற்றிய பாலிஎத்தர்சல்ஃபோன் தாளைத் தேங்காய்ப்பால் ஆலைக்கும், இப்போதுள்ள பாலிபுரோப்பிலீனையே அடிக்கடி கழுவி மீன் ஆலைக்கும் ஓட்டலாம். எந்தத் தாள் வந்தாலும் முதல்நாள் தொடுகோணத்தை என்னிடம் காட்ட வேண்டாம். அவருடைய கழுவல் கரைசலிலேயே, அவருடைய சூட்டிலேயே ஒரு வாரம் ஊறவைத்து, அலசிக் காயவிட்டு, அதன் பிறகு வைத்த சொட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி வேண்டாம் என்று முடிந்துவிட்ட பேச்சு, அவர் பட்டறையின் மூலையில் கிடந்த சட்டங்களைப் பார்த்தபோது திரும்பியது. திருப்பி அனுப்பப்பட்ட சட்டங்களில் பாதிக்குமேல் அடைத்துப்போனவை அல்ல, ஓரம் கசிந்தவை. பாலிபுரோப்பிலீனில் பாலியூரித்தேன் பசையும் எப்பாக்சியும் சரியாகப் பிடிப்பதில்லை. நீர் உருண்டு நிற்கும் அதே காரணத்தால் பசையும் பரவாமல் நிற்கிறது. ஓரத்தை மணல்தாளால் தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் நெம்பினால் பசை கீற்றாக எழும்பி வருகிறது. ஓரங்களையும் சட்டத்தையும் பிளாஸ்மாவில் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் பசையிட்டால், ஒரு வாரத்தில் நீர்நாட்டம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன. அதற்குள் பசை பிடித்திருக்கும். தாளின் நடுப்பகுதியை மெல்லிய அலுமினியத் தகட்டால் மறைத்து வைத்தால் துளைகளுக்கும் சேதமில்லை. சில்லு வரிசையில் அந்தப் பெட்டி செய்துகொண்டிருந்த வேலையும் இதேதான்.

அதற்காகப் பெட்டியை வாங்கினார். வாங்கும் முன் பம்பின் எண்ணெயை மட்டும் பார்க்கச் சொன்னேன். சாதாரணக் கனிம எண்ணெய் நிரப்பிய சுழல்தகட்டுப் பம்பின் வழியே ஆக்சிஜனை இழுத்தால் எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆக்சிஜனைப் பயன்படுத்துவதானால் ஃபுளோரினேற்றிய எண்ணெய்க்கோ உலர்பம்புக்கோ மாற வேண்டும். திறந்து பார்த்தபோது உள்ளே கனிம எண்ணெய், தேநீர் நிறத்தில். பசைக்கு ஆர்கானே போதும் என்பதால் அதையே புதிதாக மாற்றிக்கொண்டு, ஆக்சிஜன் வரும் குழாயின் வாயை ஒரு மூடியிட்டு முறுக்கி அடைத்தோம்.